பூட்டிய தோட்டமும் பாடும் ஆவிகளும்

குழந்தைகள் கதையைப் பெரியவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? மெதுவாகத் தங்கள் சோகத்தை அதில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம், ‘பாவம், அந்தக் குழந்தை!’ என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

‘தி சீக்ரெட் கார்டன்’ விஷயத்தில் அதுதான் நடந்தது. ஃபிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் நாவல், 1911-ல் புத்தகமாக வந்தது. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: இந்தியாவில் வளரும் வெள்ளைக்காரச் சிறுமி மேரி. காலராவில் அப்பா, அம்மா, ஆயா எல்லோரும் போய்விட, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். நூறு அறை பங்களா. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மாமா ஆர்ச்சிபால்ட், அவள் ஆசையாய் வளர்த்த தோட்டத்தைப் பூட்டி, சாவியையும் புதைத்துவிட்டார். மேரி அதைத் தேடித் திறக்கிறாள். செடி துளிர்க்கிறது. படுக்கையே கதியென்று கிடந்த மாமா பையன் காலின் எழுந்து நடக்கிறான். சுபம்!

இதை 1991-ல் நியூயார்க் பிராட்வேயில் மியூசிக்கல் ஆக்கினார்கள். வசனமும் பாட்டும் மார்ஷா நார்மன். இசை லூசி சைமன். 1993 ஜனவரி வரை 709 காட்சிகள். மேரியாக நடித்த டெய்சி ஈகனுக்கு டோனி விருது கிடைத்தபோது வயது பதினொன்று.

இந்த நாடகத்தின் ரசிகர்கள் தனி ரகம். பலர் அந்த பிராட்வே மேடையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கேசட்டிலும் சி.டி.யிலும் கேட்டதோடு சரி. (அடியேனும் அந்தக் கோஷ்டிதான்.) ஆனால் பேச ஆரம்பித்தால், முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தமாதிரி சொல்வார்கள். அதிலும் ‘லில்லிஸ் ஐஸ்’ பாட்டு. ஆர்ச்சிபால்டும் தம்பி நெவிலும், செத்துப்போன லில்லியின் கண்களை மேரியின் முகத்தில் பார்த்து உருகுவார்கள். மாண்டி படின்கின் குரல் மேலே மேலே போக, ராபர்ட் வெஸ்டன்பெர்க் குரல் கீழிருந்து பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தைச் சொல்லும்போது நாற்பது வயது ஆசாமிக்கும் தொண்டை அடைக்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. குழந்தை நாவலின் நாடகத்தில் ரசிகர்கள் நெஞ்சில் நிற்பது குழந்தை இல்லையே, ஏன்? இரண்டு வளர்ந்த ஆம்பளைகளின் அழுகை அல்லவா நிற்கிறது!

நான் பி.காம். படித்தவன். பற்று எழுதினால் வரவும் எழுதியாக வேண்டும். முதலில் பற்று.

நாவலில் அம்மாவின் கண் இருப்பது காலினுக்கு. பெற்ற பிள்ளையின் முகத்தில் அந்தக் கண்களைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்பா ஊர் ஊராய் ஓடுகிறார். நாடகக்காரர்கள் கண்ணை மேரிக்கும் மாற்றினார்கள். அதற்குத் தோதாக உறவையும் மாற்றினார்கள். நாவலில் ஆர்ச்சிபால்ட், மேரிக்கு அத்தை வீட்டுக்காரர், நம் கணக்கில் மாமா. நாடகத்தில் அக்கா தங்கை உறவாகிவிட, அவர் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆகிவிடுகிறார்! நாவலில் ஒன்றுவிட்ட உறவான டாக்டர், இங்கே கூடப்பிறந்த தம்பி; அண்ணியை மனசுக்குள் காதலித்தவர்.

விளைவு? நாவலில் மேரி மண்ணைக் கிளறுவதும், ராபின் குருவியோடு சிநேகம் பிடிப்பதும், நாளுக்கு நாள் பசி எடுத்துச் சதை போடுவதும் பக்கம் பக்கமாக வரும். அந்த நிதானம்தான் புத்தகத்தின் உயிர். மேடையில் அதற்கு நேரம் இல்லை. முணுக்கென்றால் ஆவிகள் வந்து பாடுகின்றன. ‘குழந்தைகிட்டேர்ந்து தோட்டத்தைப் பிடுங்கிட்டாங்க’ என்று நாவல் பிரியர்கள் குமுறினால் அதில் நியாயம் உண்டு.

இப்போது வரவு.

இந்த நாவல் புத்தகமாவதற்கு முன் 1910-ல் தொடராக வர ஆரம்பித்தது ஓர் அமெரிக்கப் பத்திரிகையில். குழந்தைகள் பத்திரிகை அல்ல, பெரியவர்கள் படிப்பது! பர்னெட்டின் மூத்த மகன் லயனல், 1890-ல் காசநோயில் இறந்தவன். பிழைத்து எழுந்து நடக்கும் காலினை எழுதிய கை, தன் பிள்ளையைப் பறிகொடுத்த கை. நாவல் முடிகிற சமயத்தில் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் தூங்கும் ஆர்ச்சிபால்டுக்குக் கனவில் செத்த மனைவியின் குரல் கேட்கும். தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லும். ஒரே ஒரு கனவு. நார்மனும் சைமனும் அந்த ஒற்றைக் கனவை எடுத்து முழு நாடகமாக விரித்துவிட்டார்கள். ஆகவே திருட்டு என்று சொல்லமாட்டேன். பர்னெட் அடக்கி வாசித்ததை இவர்கள் வாய்விட்டுப் பாடியிருக்கிறார்கள்.

இன்னொரு வரவு, நமக்குச் சம்பந்தப்பட்டது. நாவலில் ஆயா செத்ததும் கதை அவளை மறந்துவிடும். மேரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டாள். நாடகத்தில் ஆயாவும் ஒரு பக்கீரும் ஆவிகளாக யார்க்‌ஷயர் வரை கூடவே வருகிறார்கள். பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால்... அவளுக்கு இங்கேயும் சொந்தக் கதை கிடையாது, பெயர்கூடக் கிடையாது. சாவில்கூட ஆயா ஆயாதான்!

சரி, ரசிகர்களுக்கு வருவோம். 1991-ல் பத்து வயதில் கேசட் கேட்டவருக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அன்று மேரி பக்கம் நின்று கேட்டவர், நடுவில் யாரையாவது சுடுகாட்டுக்கு வழியனுப்பியிருப்பார். இன்று அதே பாட்டை ஆர்ச்சிபால்ட் பக்கம் நின்று கேட்கிறார். சி.டி.யில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது கேட்கிறவர். புத்தகத்தின் குழந்தையை நாடகம் கொஞ்சம் ஒதுக்கியது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து வந்து உட்கார ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது.

லில்லியின் ஆவியாகப் பாடியவர் ரெபெக்கா லூக்கர். 2020 டிசம்பரில், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயில் காலமானார். இசையமைத்த லூசி சைமன் 2022-ல் போய்விட்டார். இறந்தவள்போலப் பாடியவர் இப்போது நிஜமாகவே இல்லை. குரல் மட்டும் தோட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் பத்து வயதுக் குழந்தை இருந்தால் முதலில் நாவலைக் கொடுங்கள். சி.டி.யை அலமாரியில் வையுங்கள். வேண்டிய வயசு வரும்போது அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.