முடி சூடியவனும் மோதிரத்தை விட முடியாதவனும்

நமது சங்க மலருக்கு ஆண்டுதோறும் சீவக சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ எழுதி வருபவன் நான். இம்முறை 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் கடைசிப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் ஒருவர், "என்ன நயினாரே, பாத்திரக் கடைக்காரருக்கு இந்த வயசுல மாயாஜாலப் படமா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் கையில் இருக்கும் ஒரு பொருளை விடுவது எத்தனை கடினம் என்பதே அந்தப் படத்தின் கரு. நாற்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் வேறென்ன?

கதையை எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். 1954 - 55இல் மூன்று பாகங்களாக நூல் வெளிவந்தது. பீட்டர் ஜாக்சன் மூன்று படங்களையும் நியூசிலாந்தில் ஒருசேரப் படமாக்கி 2001, 2002, 2003 என்று ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டார். மூன்றாவதான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்', 2004 பிப்ரவரியில் 11 ஆஸ்கர் விருதுகளுக்குப் போட்டியிட்டு 11ஐயும் பெற்றது. 'பென்ஹர்', 'டைட்டானிக்' படங்களின் எண்ணிக்கையைத் தொட்டது. மாயக்கதைப் படம் ஒன்று சிறந்த படமாகத் தேர்வானது அதுவே முதல் முறை. 'டைட்டானிக்'குக்குப் பிறகு உலக வசூலில் 100 கோடி டாலரைத் தாண்டிய இரண்டாவது படமும் இதுதான். ஆனால் அந்தப் பதினொன்றில் நடிப்புக்கு என்று ஒன்றுகூட இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணிந்தவனை அடிமையாக்கும் மோதிரம் ஒன்று. அதை அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். ஃப்ரோடோ என்ற குள்ளன் அதைச் சுமந்து போகிறான். தோழன் சாம் துணைக்குப் போகிறான். முன்பு மோதிரத்தை வைத்திருந்து இழந்த ஸ்மீகல் வழிகாட்டியாக வருகிறான். இன்னொரு பக்கம் பெரும் போர். அரகார்ன் என்ற வீரன் முடி சூடுகிறான்.

படம் வெளிவந்தபோது பலரும் ஒரே குறையைச் சொன்னார்கள். மோதிரம் அழிந்த பிறகும் படம் முடிய மாட்டேன் என்கிறது, ஒன்றுக்குப் பல முடிவுகள் என்றார்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகனோடு நான் தியேட்டரில் பார்த்தபோதும் அப்படித்தான். திரை இருண்டதும் பாதிப் பேர் எழுந்தார்கள். மறுபடி வெளிச்சம் வந்ததும் உட்கார்ந்தார்கள். 201 நிமிடப் படம். கடைசி லோக்கல் ரயிலை விட்டுவிடுவோமே என்ற கவலையில் நானும் செருப்பைத் தேடினேன்.

இன்று எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. குறை என்று சொல்லப்பட்ட அந்த முடிவுகளில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. ஊர் திரும்பிய நான்கு நண்பர்களும் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் ஒரே கூச்சல். யாரோ ஒரு கிழவர் பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வருகிறார், எல்லார் கண்ணும் அதன் மேல்தான். இவர்கள் எங்கே போனார்கள், என்ன பட்டார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் குடிக்கிறார்கள். போர்க்களம் பார்த்த ஒருவரின் நூலிலிருந்து பிறந்த படத்துக்கு இந்த மௌனம் தேவை. காப்பாற்றிய ஊரில் ஃப்ரோடோவால் வாழ முடியவில்லை. அவன் கப்பலேறிப் போகிறான்.

படத்தின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. எரிமலையின் விளிம்பில் நின்று ஃப்ரோடோ, மோதிரம் எனக்கே சொந்தம் என்கிறான். அதாவது நாயகன் தோற்கிறான். டோல்கீனே தம் கடிதங்களில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். நூலில் ஸ்மீகல் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, ஆனந்தக் கூத்தாடிக் கால் தவறித் தானே விழுகிறான். கொல்ல வாய்ப்பிருந்தும் பலர் அவனைக் கொல்லாமல் விட்ட இரக்கம்தான் கடைசியில் உலகைக் காக்கிறது. படத்தில் இருவரும் கட்டிப் புரண்டு, அந்தப் போராட்டத்தில் அவன் விழுகிறான். முதலில் ஃப்ரோடோ தள்ளிவிடுவதாகவே படமாக்கி, அது கொலை போல இருக்கிறதென்று பிறகு மாற்றினார்களாம். அந்த மட்டுக்கும் பாராட்ட வேண்டும். ஆனாலும் இரக்கத்தின் பலன் கைகலப்பின் பலனாகிவிட்டது.

இறந்தோர் படையும் அப்படியே. நூலில் அவர்கள் தெற்கே எதிரியின் கப்பல்களை அச்சுறுத்துவதோடு விடுதலை பெறுகிறார்கள். படத்தில் பச்சை வெள்ளமாக நகரத்துப் போர்க்களம் வரை வந்து எதிரிகளை அடித்துக்கொண்டு போகிறார்கள். உயிரோடு நின்று மாண்டவர்களின் தியாகம் இதனால் மலிந்துபோகிறது. ஊர் திரும்பியவர்கள் தங்கள் ஊரே சூறையாடப்பட்டிருப்பதைக் காணும் பகுதியைப் படம் அடியோடு விட்டுவிட்டது. டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர் 2012இல் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்கு அளித்த பேட்டியில், இளைஞர்களுக்கான அடிதடிப் படமாக்கிவிட்டார்கள் என்று வருந்தினார். நான் பாதிதான் உடன்படுவேன். மதுக்கடைக் காட்சியை அடிதடிக்காரர் எடுத்திருக்க மாட்டார்.

சிந்தாமணி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. சீவகன் பகைவனை வென்று முடி சூடிய இடத்தோடு திருத்தக்கதேவர் நிறுத்தவில்லை. முத்தி இலம்பகத்தில், மந்தியும் கடுவனும் தின்ன இருந்த பலாவைக் காவற்காரன் விரட்டிப் பறித்துக்கொள்வதைச் சீவகன் பார்க்கிறான். தன் அரசும் அத்தகையதே என்று உணர்ந்து துறக்கிறான். மிகுபொருள் விரும்பாமை என்று நாம் சொல்வது இதைத்தான். அவன் தானே விட்டான். ஃப்ரோடோவால் விட முடியவில்லை, விரலோடு போயிற்று. இதனால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டோல்கீன் கத்தோலிக்கர். மனித பலம் தீர்ந்த இடத்தில் அருள் வரும் என்பது அவர் நம்பிக்கை. நம் தராசை மட்டும் வைத்துக்கொண்டு அவரை நிறுப்பது முறையல்ல. தன் பலத்தால் எல்லாப் பற்றையும் விட முடியாதவர்களே உலகத்தில் அதிகம் என்பதும் உண்மைதானே.

சமீபத்தில் பேத்தியோடு வீட்டில் நீண்ட பதிப்பைப் பார்த்தேன். எரிமலைக் காட்சியில் அவள் கேட்டாள்: "தாத்தா, இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் தூக்கிப் போட மாட்டேங்குறான்?"

நான் பதில் சொல்லவில்லை. என் கை இடுப்பில் இருந்த கல்லாச் சாவியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடையை நடத்துவது இப்போது என் மகன்தான், அன்று தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த அதே பிள்ளை. வரவும் செலவும் அவன் கையில்தான் இருக்கின்றன. சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை அவனிடம் கொடுத்துவிட்டேன் என்று எழுதி இக்கட்டுரையை முடிக்க ஆசைதான். இதை எழுதும் இன்று வரை கொடுக்கவில்லை.