யாருக்குப் பதிலாக வந்தாள்?

அடுத்த முறை மகாபாரதத்தைப் படிக்க உட்காரும்போது ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லப்படாத ஒரு பெண் வரும் இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். பல வருடங்களாக நான் இப்படித்தான் படித்துவருகிறேன். கோடு விழுந்த இடங்கள் பலவும் கதை திசை திரும்பும் இடங்களாக இருக்கின்றன. அந்தப் பெண்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படி ரசிப்பது என்பதற்குச் சில வழிகள் இங்கே.

பெயர்களை உரித்துப் பாருங்கள்

காந்தாரி என்றால் காந்தார நாட்டுப் பெண். மாத்ரி, மத்ர நாட்டுப் பெண். ராமாயணத்தின் கோசலையும் கைகேயியும் இதே வகைதான். திரௌபதி, துருபதன் மகள். பாஞ்சாலி, பாஞ்சால நாட்டவள். குந்திக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயர் பிருதை. வளர்த்த குந்திபோஜனின் பெயரே அவளுக்கு நிலைத்தது. மகாராணிகளே ஊராலும் தகப்பனாலும்தான் அழைக்கப்படுகிறார்கள் என்றால், சொல்லிக்கொள்ள நாடும் தகப்பனும் இல்லாத பணிப்பெண் என்ன ஆவாள்? இதை மனதில் வைத்துக்கொண்டு ஆதிபர்வத்துக்குள் நுழையுங்கள்.

‘யாருக்குப் பதிலாக?’ என்று கேளுங்கள்

குருவம்சம் வாரிசு இல்லாமல் நிற்கிறது. தாய் சத்தியவதியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அவளுடைய விதவை மருமகள்களுக்குப் பிள்ளை தர வியாசர் வருகிறார். அவர் கோலத்தைக் கண்டு அஞ்சி மூத்தவள் அம்பிகை கண்களை மூடிக்கொள்கிறாள். பிறந்த திருதராஷ்டிரனுக்குப் பார்வை இல்லை. இளையவள் அம்பாலிகை வெளிறிப்போகிறாள், பிறந்த பாண்டு வெளிறிய நிறம். அம்பிகையிடம் மறுபடி வரும்படி சத்தியவதி வியாசரை வேண்டுகிறாள். அம்பிகையோ தன் நகைகளைப் பணிப்பெண்ணுக்குப் பூட்டித் தனக்குப் பதிலாக அனுப்பிவிடுகிறாள்.

இந்தக் காட்சியை மெதுவாகப் படியுங்கள். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இல்லை. ஆனாலும் முனிவர் உள்ளே வந்ததும் எழுந்து வணங்குகிறாள், உபசரிக்கிறாள். மனம் குளிர்ந்த வியாசர், ‘இனி நீ அடிமை இல்லை’ என்கிறார். அவளுக்குப் பிறந்தவர்தான் விதுரர், அந்த வம்சத்தின் அறக்குரல். தாய்க்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அவள் வயிற்றில் பிறந்த காரணத்தால் மகனுக்கு அரியணை கிடைக்கவில்லை. இத்தனைக்கும் காரணமானவளின் பெயரை மூலநூல் சொல்வதில்லை.

ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருங்கள்

பாண்டவர்களை எரித்துக் கொல்லத் துரியோதனன் கட்டவைத்த வாரணாவதத்து அரக்கு மாளிகையில் குந்தி ஒரு நாள் அன்னதானம் செய்கிறாள். நிஷாதப் பெண் ஒருத்தி, ஒரு வேட்டுவச்சி, தன் ஐந்து மகன்களோடு வருகிறாள். உண்டு, குடித்து, அங்கேயே தூங்கிப்போகிறாள். அன்றிரவு பீமன் தீ வைக்கிறான். பாண்டவர்களும் குந்தியும் சுரங்கம் வழியே தப்புகிறார்கள். காலையில் சாம்பலைக் கிளறிய ஊரார் ஆறு உடல்களைக் கண்டு, ஐவரும் தாயும் எரிந்துபோனதாக அஸ்தினாபுரத்துக்குச் சேதி அனுப்புகிறார்கள்.

இந்த இடத்தில் மூலநூல் அந்தப் பெண்ணை ‘குற்றமற்றவள்’ என்கிறது. அவளுக்காகத் தனியாக ஒரு புலம்பலும் கிடையாது. இந்த ஒரு சொல்தான். பாண்டவர் பக்கம் சாய்ந்திருக்கும் நம் மனதை அந்தச் சொல் உலுக்கிவிடுகிறது. சாம்பலுக்கு நடுவே அதை வைத்துவிட்டுப் போன கவியின் மனசாட்சியை நான் வணங்குகிறேன். சுருக்கிச் சொல்லும் பாரதங்களில் முதலில் உதிர்வது இப்படிப்பட்ட சொற்கள்தான். அதனால் முடிந்தவரை முழு மொழிபெயர்ப்பைப் படியுங்கள். தமிழில் ம.வீ. ராமானுஜாசாரியாரின் கும்பகோணம் பதிப்பு இருக்கிறது.

பிறர் கட்டியதையும் பாருங்கள்

மூலநூல் பேசாமல் விட்ட இடங்களில் பிற்காலம் பேசியிருக்கிறது. போருக்குப் பின் வரும் ஸ்திரீ பர்வத்தில் களத்தில் அழும் துரியோதனன் மனைவி ‘லக்ஷ்மணனின் தாய்’தான். பானுமதி என்ற பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. கர்ணனோடு அவள் விளையாடியபோது மணிகள் சிதறிய கதை வியாசரிடம் இல்லை. நமக்கு அதைத் தந்தது வில்லிபுத்தூரார். வங்காளத்தில் மகாசுவேதா தேவி, முதிய குந்தியின் முன்னால் அந்த நிஷாதக் குடும்பத்துப் பெண்ணை நிறுத்திப் பேசவைத்தார். ஜெயமோகனின் வெண்முரசில் விதுரரின் தாய்க்குச் சிவை என்று பெயர். எது மூலம், எது பின்னால் சேர்ந்தது என்று பிரித்து அறிந்து படித்தால் இரண்டின் சுவையும் கூடும்.

இரண்டு கோடுகளைச் சேருங்கள்

கடைசியாக, நீங்கள் போட்ட கோடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். சுரங்கம் தோண்ட ஆள் அனுப்பியவர் விதுரர். ராணிக்குப் பதிலாக அனுப்பப்பட்ட ஒருத்தியின் மகன் குந்தியைக் காப்பாற்றுகிறார். குந்திக்குப் பதிலாக இன்னொருத்தி தன் மகன்களோடு எரிகிறாள்.

அஸ்தினாபுரத்தில் திருதராஷ்டிரன் சுற்றத்தோடு நீர்க்கடன் செய்கிறான். எல்லோரும் கதறி அழுகிறார்கள். விதுரர் மட்டும் கொஞ்சமாக அழுதார் என்கிறது மூலநூல், உண்மை அவருக்குத் தெரியும் என்பதால். அந்தப் பக்கத்தில் புத்தகத்தைச் சற்று மூடிவையுங்கள். பாண்டவர்கள் உயிரோடு இருப்பது தெரிந்த விதுரர், அப்படியானால் அந்த ஆறு உடல்கள் யாருடையவை என்று ஒரு கணம் யோசித்திருக்க மாட்டாரா? பணிப்பெண்ணின் மகன் அழுத அந்தக் கொஞ்ச அழுகை, ஒருவேளை அந்த நிஷாதப் பெண்ணுக்காக இருக்கலாம்.