அழுகிற ராமனை எப்படி வாசிப்பது?

ராமாயணத்தை ஊன்றி வாசிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: ராமன் கடவுளா, மனிதனா? ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் காவியத்தில் பாதி கைநழுவிப் போகும். காட்சிக்குக் காட்சி வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: இவன் கடவுள் என்பது இந்த இடத்தில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது? கவிக்குக் கவி இந்த விடை மாறுகிறது. ரசனைக்குரிய இடமும் கூடவே மாறுகிறது.

வால்மீகியில் விஷயம் வாசகருக்குத் தெரியும், ராமனுக்குத் தெரியாது. தேவர், கந்தர்வர், யட்சர், அரக்கர் என்று யாராலும் சாவு வரக்கூடாதென வரம் கேட்ட ராவணன், மனிதர்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அதனால்தான் விஷ்ணு மனிதனாகப் பிறக்க வேண்டியிருந்தது என்பதைப் பாலகாண்டமே சொல்லிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரண்ய காண்டத்தின் இறுதிப் பகுதிக்கு வாருங்கள். சீதையைக் காணாத ராமன் கடம்ப மரத்திடம் விசாரிக்கிறான், வில்வ மரத்திடம் விசாரிக்கிறான். பிறகு உலகங்களையே அழித்துவிடுவேன் என்று சீறுகிறான். லட்சுமணன்தான் அவனைத் தணிக்க வேண்டியிருக்கிறது. போர் முடிந்து சீதை தீப்புகுந்தபோது தேவர்கள் வந்து அவன் பெருமையைச் சொல்கிறார்கள். அப்போதும் அவன், தன்னைத் தசரதன் மகனான மனிதனாகவே எண்ணுவதாகச் சொல்லி, தான் யாரென்று பிரம்மாவிடமே கேட்கிறான்.

பாலகாண்டமும் உத்தர காண்டமும் பிற்சேர்க்கைகள், ஆதி ராமன் வெறும் வீரன்தான், தெய்வம் பின்னால் ஏற்றப்பட்டது என்று ஒரு வாதம் உண்டு. 1893-இல் ஆய்வாளர் ஹெர்மன் ஜாக்கோபி எழுதிய நூலுக்குப் பிறகு அது வலுப்பெற்றது. நூல் அடுக்கடுக்காக வளர்ந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் கைக்கு வந்திருக்கும் காவியம் அந்த வரத்தின் ஓட்டையில்தான் சுழல்கிறது. ராமனின் மனிதத்தன்மை வெறும் வேஷம் என்றால் ராவணனைக் கொன்றது ஒரு தேவன் என்றாகிவிடும், வரமும் பொய்த்துவிடும். ஆகவே அந்த அழுகை நிஜமாக இருந்தே தீர வேண்டும். தெய்வக் கதை நிற்பதே மனித வலியின் மேல்தான்.

கம்பனில் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அரக்கன் விராதன் அடிபட்டு விழுந்ததும் ராமனைத் துதிக்கிறான். தன் மார்பில் பாய்ந்த அம்பில் ராமன் பெயரைப் படிக்கும் வாலி, மறைந்து நின்று எய்தது அறமா என்று முதலில் கடுமையாகச் சாடுகிறான். பிறகே அவனைப் பரம்பொருளாக உணர்கிறான். உணர்ந்தவன் கேட்கும் வரத்தைக் கவனியுங்கள்: தம்பி சுக்ரீவன் கள்மயக்கத்தில் தவறு செய்தால், என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே என்கிறான். கடவுளைக் கண்டுகொண்ட கணத்திலும் அவன் கவலை தம்பியின் குடிப்பழக்கத்தைப் பற்றியது. பக்தி வந்ததும் குற்றச்சாட்டைக் கம்பன் மழுப்பிவிட்டான் என்பார்கள். மழுப்ப நினைத்திருந்தால் அந்த வாதத்துக்கு அத்தனை பாடல்களை ஒதுக்கியிருக்க மாட்டான்.

மூன்றாவது நிலையில் ராமனுக்கே எல்லாம் தெரியும். அத்யாத்ம ராமாயணத்திலும், துளசிதாசர் 1574-இல் தொடங்கிய ராமசரிதமானஸிலும் ராவணன் தூக்கிப்போவது நிழல் சீதையை. அப்படியானால் ராமன் கண்ணீர் நடிப்புதானே, அதில் ரசிக்க என்ன இருக்கிறது? இந்த ஆட்சேபத்தைத் துளசிதாசரே முந்திக்கொண்டு எழுப்பிவிடுகிறார். பரம்பொருள் மனைவிக்காக அழுமா என்று சிவனின் மனைவி சதி தேவி சந்தேகப்படுகிறாள். சீதை உருவெடுத்து ராமன் முன் போய் நிற்கிறாள். அவன் கும்பிட்டுவிட்டு, சிவன் எங்கே, காட்டில் நீங்கள் மட்டும் ஏன் தனியாக அலைகிறீர்கள் என்று கேட்கிறான். இங்கே சுவை அழுகிறவனை விட்டு, அதைப் பார்த்துத் தடுமாறுகிறவளிடம் போய்விடுகிறது. அந்தச் சந்தேகத்தால் அவள் கணவனையே இழக்கிறாள். வலி குறையவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

சீதையைத் தேடும் பகுதியை மட்டும் மூன்றிலும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். மனித ராமனைத் தெய்வ ராமனின் குறைபட்ட வடிவம் என்றோ, தெய்வ ராமனை வரலாற்றின் மேல் பூசிய சாயம் என்றோ சொல்லத் தோன்றாது. கடவுள் கதையைச் சொல்லவந்த மூவருமே, யாராவது ஒருவரை அறியாமையில் நிறுத்தாமல் அதைச் சொல்ல முடியாது என்று கண்டிருக்கிறார்கள்.