ஹாஜி பாபாவும் சிப்பாயின் சம்பளப் பாக்கியும்

ஒரு சிற்றாறு. அக்கரையில் உருசியச் சிப்பாய்கள் இருவர். இக்கரையில் பாரசீகக் குதிரைப் படை. இருவரும் துப்பாக்கியை நீட்டிச் சுட, பெரும்படை பின்வாங்குகிறது. தலைவர்கள் வசைமாரி பொழிகின்றனர். ஆனால் ஆற்றில் இறங்குவார் எவருமிலர். ஜேம்ஸ் மோரியர் என்னும் ஆங்கிலேயர் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இஸ்பஹான் ஹாஜி பாபாவின் வரலாறு' என்னும் புதினத்தில் மிகுதியும் எடுத்துப் பேசப்படும் காட்சி இதுவே. அங்கே ஒருவன் சாவை நினைந்து புலம்பும் புலம்பல், ஐரோப்பிய வாசகரிடையே ஏறக்குறைய ஒரு பழமொழியாகவே வழங்கலாயிற்று. பாரசீகன் கோழை என்னும் முடிவுக்கு இதனையே சான்றாகக் காட்டியோர் பலர்.

இக்காட்சி நகைச்சுவையில் குறையுடையதன்று. எனினும் அச்சிரிப்பு யாரைக் குறிவைக்கிறது, குறிவைக்கப்பட்டவன் அதற்கு உரியவன்தானா என்னும் வினாவைத் திறனாய்வாளர் எழுப்பியே ஆதல் வேண்டும். அதற்கான விடை அப்புதினத்தின் வேறு இரண்டு பகுதிகளிலேயே மறைந்து கிடக்கிறது என்பது வியப்பிற்குரியது.

மோரியர் செவிவழிச் செய்தி கேட்டு எழுதியவர் அல்லர். 1808க்கும் 1815க்கும் இடையில் இருமுறை தூதரகப் பணியாற்றப் பாரசீகம் சென்றவர். பாமர மக்கள் பேச்சின் நெளிவு சுளிவுகளையும் அறிந்தவர். அவருடைய கதைத்தலைவன் ஹாஜி பாபா, நாவிதர் மகன். கொள்ளையர் கையில் அடிமையாகி, தண்ணீர் சுமந்து, புகையிலை விற்று, மருத்துவரிடம் ஏவலனாகி, இறுதியில் 'நஸக்சி' என்னும் தண்டனைக் காவலர் குழுவில் சேர்கிறான். அக்குழுவின் தலைவனுக்கு ஆசிரியர் இட்ட பெயர் நாமர்த் கான். 'நாமர்த்' எனின் ஆண்மையற்றவன். ஆற்றங்கரையில் வாய்வீரம் பேசுவோருள் இவனும் ஒருவன்.

இவன் கீழ்ச் சேர்ந்த புதிதில் ஹாஜி பாபாவுக்குத் தொழில் நுணுக்கம் கற்பிப்பவன் ஷீர் அலி என்னும் மூத்த காவலன். அவன் கூறும் பாடத்தின் சாரம் இது: சம்பளம் என்பது ஏட்டில் உள்ள ஓர் எண். தலைவருக்கே அது வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆயினும் அவர் அதனைப் போல் பன்மடங்கு செலவிடுகிறார். பிரம்படியின் வேகம் கையூட்டின் அளவைப் பொறுத்தது. வாழ்க்கை நடப்பது அதைக் கொண்டுதான். படிப்பவர் இங்கும் சிரிக்கின்றனர். ஆனால் ஆற்றங்கரைச் சிரிப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது ஒரு மக்களினத்தின் குணத்தைச் சுட்டுகிறது. பின்னது ஒரு கருவூலத்தின் குணத்தைச் சுட்டுகிறது.

அடுத்து வரும் காஜ் ஸவார் என்னும் ஊர்க் கதை இன்னும் கூர்மையானது. அரசர் ஆண்டுதோறும் வேனிற்காலத்தில் சுல்தானியா வெளியில் பாசறை அமைப்பது வழக்கம். அப்பாசறைக்கு உணவும் தீவனமும் சுற்றுப்புற ஊர்கள் கொடுத்தாக வேண்டும். இவ்வகை வசூலுக்குப் பாரசீகத்தில் 'ஸூர்ஸாத்' என்று பெயர். வேட்டைக்கு வந்த இளவரசர் ஒருவரின் கூட்டத்தார் இருந்ததையெல்லாம் உண்டு தீர்த்துவிட்டமையால் தங்கள் பங்கைத் தர இயலவில்லை என்கின்றனர் காஜ் ஸவார் மக்கள். உண்மையை விசாரிக்க அனுப்பப்படுவோர் ஷீர் அலியும் ஹாஜி பாபாவுமே! கொடுக்க ஒன்றுமில்லை என்று கூறிய ஊர், விசாரிக்க வந்தவர்களுக்கு விருந்தும் அன்பளிப்பும் தேடித் திரட்ட வேண்டியதாகிறது. பேரத்தில் ஊர்ப் பெரியவர்களின் முகம் மாறுவதை மோரியர் காட்டும் இடம் இப்புதினத்தின் உச்சங்களுள் ஒன்று எனலாம். பாசறைக்குப் போக வேண்டிய மாவும் வாற்கோதுமையும் வழியிலேயே எவ்வாறு கரைகின்றன என்பதை இதனினும் தெளிவாக எந்த அரசாங்க அறிக்கையும் கூறாது.

ஆகவே, சம்பளம் ஏட்டில் உள்ளது, உணவு வழியில் உள்ளது. அவ்விரண்டும் கைக்கு வராதவனே ஆற்றங்கரையில் நிற்கிறான். மூன்று காட்சிகளையும் எழுதிய ஆசிரியரோ அவற்றை இணைத்துப் பார்க்கவில்லை. இதுவே இப்புதினத்தின் பெருங்குறை.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. புதினத்தில் ஓடுவது பழைய முறைக் குதிரைப் படை. அதே காலத்தில் தப்ரீஸ் நகரில் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்ஸா 'நிஸாமே ஜதீத்' என்னும் புதிய ஒழுங்குப் படையை உருவாக்கிக் கொண்டிருந்தார். முதலில் உருசியப் படையிலிருந்து தப்பி வந்தோர் பயிற்றுவித்தனர். 1807இன் இறுதியில் வந்த தளபதி கார்தானின் பிரெஞ்சுக் குழு அப்பணியைத் தொடர்ந்தது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அவருள் பீரங்கிப் பயிற்சி அளித்த லிண்ட்ஸே சென்னைப் படையைச் சேர்ந்தவர். காலாட்படையைப் பயிற்றுவித்த கிறிஸ்டி பம்பாய்ப் படையினர். மக்கள் நகைப்பர் என்று அஞ்சித் தனி முற்றத்தில் சிறு சிறு குழுவாக இளவரசர் பயிற்சி நடத்தியதையும், மருந்துக் கொம்பு வெடித்துத் தாடி கருகிய ஒருவனைப் படையின் முன் நிறுத்தித் தாடி மழிக்கும் வழக்கத்தைப் புகுத்தியதையும் எழுதி வைத்தவர் வேறு யாருமல்லர். தம் இரண்டாம் பயண நூலில் மோரியரே எழுதியுள்ளார்.

புதிய காலாள் 'சர்பாஸ்' எனப்பட்டான். தலையைப் பணயம் வைப்பவன் என்பது அதன் பொருள். அவனுக்கு ஆண்டுச் சம்பளமாக 'மவாஜிப்', நாட்படியாக 'ஜீரே' என இரண்டும் உரியவை. ஆனால் சம்பளம் பெரும்பாலும் நாணயமாக வருவதில்லை. ஏதோ ஒரு மாவட்டத்தின் வரிப்பணத்தின்மேல் எழுதப்பட்ட 'பராத்' என்னும் உண்டியலாக வரும். மாவட்டத்தில் பணமிராது, உண்டியல் வைத்திருப்பவன் அதைக் குறைந்த விலைக்கு வணிகரிடம் விற்றுத் தீர்ப்பான்.

விடுப்பின் கதை வேறு. வசந்தத்தில் கூடிக் குளிர்காலத்தில் கலைவதே பழைய படைமுறை. புதிய படையிலும் அது முற்றும் மறையவில்லை. விடுப்பு உழவனான சிப்பாய்க்கு விதைப்பும் அறுப்பும் பார்க்கும் வாய்ப்பாக அமைந்தது உண்மையே. ஆனால் நூற்றாண்டு நகர நகர அது மேலதிகாரியின் வருவாயாக மாறிற்று. விடுப்பில் சென்றவனின் பெயர் ஏட்டில் இருக்கும். அவன் படியும் சம்பளமும் அதிகாரியின் பைக்குச் செல்லும். ஊருக்குப் போகாதவனோ கடைத்தெருவில் விறகு பிளந்தும் கூலி வேலை செய்தும் பிழைத்தான். ஐரோப்பியப் பயணிகள் பலர் இதைக் கண்டு எள்ளி எழுதியுள்ளனர். எள்ளலில் அவர்கள் மோரியரின் மாணவர்களே.

தமிழ் மாணவர் ஒன்றை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். சிப்பாய், ரஜா, பாக்கி ஆகிய மூன்று சொற்களும் பாரசீக ஆட்சிமொழியின் வழியே தமிழுக்கு வந்தவை. படையாளும் விடுப்பும் நிலுவையும் ஒன்றாகவே பயணம் செய்திருக்கின்றன.

கோழைமை பற்றிய தீர்ப்பை நிகழ்ச்சிகள் பொய்ப்பிக்கின்றன. 1812 பிப்ரவரியில் சுல்தானாபாத்தில் இப்புதிய படை உருசியப் பட்டாளம் ஒன்றைச் சரணடையச் செய்தது. மோரியர் அப்பொழுது பாரசீகத்திலேயே இருந்தார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அஸ்லாந்தூசில் திடீர்த் தாக்குதலால் அப்படை சிதறியதும், கிறிஸ்டி அங்கு மாண்டதும் உண்மையே; அது தோல்வி, நகைச்சுவை அன்று. 1826இல் தொடங்கிய அடுத்த போரிலோ, குளிர்காலத்தில் படையைக் கூட்டி வைத்திருக்க மகன் கேட்ட பணத்தைத் தந்தை பத்ஹ் அலி ஷா தர மறுத்தார். படை கலைந்தது, 1827 அக்டோபரில் தப்ரீஸ் வீழ்ந்தது, 1828இன் துர்க்மான்சாய் உடன்படிக்கைப்படி ஏறத்தாழ 50 இலட்சம் துமான் இழப்பீடு உருசியருக்குத் தர நேர்ந்தது. தன் சிப்பாய்க்குக் கொடுக்க மனமில்லாத கருவூலம் பகைவனுக்காகத் திறந்தது.

மற்றுமொரு நிகழ்ச்சி, எந்தப் புதினத்திலும் இடம்பெறாதது. 1834இல் ஷா இறந்ததும் அவருடைய பேரர் முகம்மது மிர்ஸா தப்ரீசிலிருந்து தலைநகர் சென்று அரியணை ஏற வேண்டியிருந்தது. நீண்ட நாள் சம்பளப் பாக்கியால் படை நகர மறுத்தது. ஆங்கிலத் தூதர் காம்ப்பெல் பணம் முன்கொடுத்தார். பழைய சென்னைப் பீரங்கியாளர் லிண்ட்ஸேயின் தலைமையில் அதே படை குளிரில் புறப்பட்டுத் தெஹ்ரானை அடைந்தது. இரு நிலைக்கும் இடையில் சிப்பாயின் குணம் மாறிற்று என எவரும் கூற இயலாது. பின்னர் அமீர் கபீர் தம் குறுகிய ஆட்சியில் படைச்செலவைச் சீர்செய்ய முயன்றார். 1852 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டதோடு அம்முயற்சி தளர்ந்தது.

மோரியருக்கு இவற்றுள் ஒரு பகுதியேனும் தெரியும். பயண நூலில் சர்பாஸை உற்று நோக்கிய அவருடைய கண், புதினத்தில் அவனைத் தவிர்த்துவிடுகிறது. பெயரோடும் குடும்பத்தோடும் நடமாடும் சர்பாஸ் ஒருவனும் ஹாஜி பாபாவின் கதையில் இல்லை. போக்கிரியின் கண்வழியே சொல்லப்படும் கதையில் போக்கிரிகளே தென்படுவர் என ஆசிரியர் சார்பில் வாதிடலாம். அவ்வாதம் ஓரளவே பொருந்தும். ஏனெனில் காஜ் ஸவார் ஊர்மக்களை அதே போக்கிரியின் கண்வழியே மனிதராக்கிக் காட்ட அவரால் இயன்றிருக்கிறது.

இந்நூலுக்கு மிர்ஸா ஹபீப் இஸ்பஹானி, பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியே செய்த பாரசீக ஆக்கம் 1905இல் கல்கத்தாவில் அச்சேறிற்று. நாட்டை இகழ எழுந்த நூல், ஆட்சியை இகழும் நூலாக மாறியது அங்கேதான். அரசியலமைப்பு வேண்டிப் போராடிய தலைமுறை அதைத் தன் நூலாகவே படித்தது. அவ்வாசகரைத் தைத்தது ஆற்றங்கரைக் காட்சியைவிட ஷீர் அலியின் பாடமாகவே இருந்திருக்க வேண்டும். அந்த 1905ஆம் ஆண்டிலும் பாரசீகக் காலாட்படையின் சம்பளம் பாக்கியிலேயே இருந்தது.