ஊமைப் படத்துப் பூனை

நகை பிறக்கும் நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காம் என்பது தொல்காப்பியர் கொள்கை. நான்கும் மாந்தர்க்கே உரியன. எள்ளுதற்கும் எள்ளப்படுதற்கும் மனம் வேண்டும். பூனைக்கு அதுபற்றிக் கவலையில்லை. அவ்வாறாகவும், மேனாட்டு ஊமைப் படங்களின் நகைச்சுவையிலே பூனைக்கு ஓர் இடம் வாய்த்தது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

நம் இசைநாடக மேடையின் பபூன் வாயால் வெல்பவன். அவன் நாவை அடக்கிவிட்டால் பாதி நகை போய்விடும். ஊமைப் படத்துக் கோமாளிக்கோ நாவே இல்லை. நடையும் வீழ்ச்சியும் விழியுமே அவன் மொழி. அம்மொழியிலே மனிதனும் விலங்கும் ஒரே நிரையில் நிற்கின்றனர். மாக் செனற்றின் நகைச்சுவைப் படங்களில் தோன்றிய பெப்பர் என்னும் சாம்பல்நிறப் பூனை, படப்பிடிப்புக் கூடத்தின் பலகைத் தளத்து இடுக்கால் வெளிவந்து தானாகவே கமராவின் முன் நின்றது என்பது வழங்கிவரும் கதை. கதை எவ்வாறாயினும், அப்பூனையின் சிறப்பு நடித்தமையில் அன்று, நடியாமையிலேயே உள்ளது. சூழ நிற்போர் விழுந்தும் எழுந்தும் அல்லற்படப் பூனை பூனையாகவே இருக்கின்றது. திருநெல்வேலிச் சந்தையருகே மதிலிற் கண்மூடிக் கிடக்கும் பூனையும் இதனையே செய்யும். ஆங்குக் கமரா இல்லை, அவ்வளவே.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் சார்லி சப்ளின். 1928இல் வெளிவந்த ‘சர்க்கஸ்’ படத்தில் அவர் பூனைக் குலத்தின் பெருவிலங்கையே கொணர்கின்றார். நாடோடி சிங்கக் கூண்டினுள் அகப்படுகின்றான், சிங்கம் உறங்குகின்றது. அடுத்த கூண்டின் வழியே தப்ப முயன்றால் ஆங்கே புலி. வெளியே ஒரு சிறு நாய் குரைக்கின்றது. படத்தில் ஒலியில்லை, எனினும் அக்குரைப்புப் பார்ப்போர் நெஞ்சில் இடியென விழும். பின்னர்ச் சிங்கம் எழுந்து, அவனை மோந்து பார்த்து, ஒரு பொருட்டாகவும் கொள்ளாது விட்டுவிடுகின்றது. உண்ணப்படுவோம் என்று நடுங்கியவன் உண்ணவும் தகாதவனாக ஒதுக்கப்படுகின்றான். அச்சமும் இளிவரலும் ஒருங்கே நகையாக மாறும் இடம் இது. சிங்கம் எதையும் செய்யாமையே இத்துணைக்கும் காரணம் என்க.

பீலிக்ஸ் என்னும் சித்திரப் பூனை இதற்கு முற்றிலும் மாறானது. பற் சலிவனின் கூடத்திலே ஒட்டோ மெஸ்மர் உருவாக்கிய இப்பூனை 1919இல் திரைக்கு வந்தது. மெஸ்மர் அதற்கு முன்னர்ச் சப்ளினையே சித்திரப் படமாக வரைந்து பழகியவர். ஆதலின் பீலிக்சின் தோலுக்குள்ளே சப்ளினின் எலும்பு இருத்தல் வியப்பன்று. 1923இல் வந்த ‘பீலிக்ஸ் இன் ஹொலிவுட்’ படத்தில் அது சப்ளின்போல் நடந்து காட்ட, சித்திரச் சப்ளினே தோன்றித் தன் சொத்தைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டுகின்றார். அக்குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. கையைப் பின்னே கட்டிச் சிந்தித்து உலாவும் பீலிக்ஸ் ஒரு சிறு மனிதன். நினைத்த கருவியாக மாறும் அதன் வால் ஒன்றே கற்பனைச் செல்வம்; ஏனையவற்றிற் பூனையைக் காண்டல் அரிது.

மனிதனை நடிக்கும் பூனை தமிழர்க்குப் புதிதன்று. மாமல்லபுரத்துப் பாறையிலே, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பி, கைகளை உயர்த்தித் தவம் புரியும் முனிவனைச் செதுக்கினான். அவனை அருச்சுனன் என்பாரும் பகீரதன் என்பாரும் உளர். அதே பாறையில் யானைகளின் அருகே, அதே கோலத்தில் ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள். பாரதத்து உத்தியோக பருவத்திலும் இப்பொய்த்தவப் பூனையின் கதை உண்டு. துரியோதனன் தருமனை இகழ்தற்கு அதனை எடுத்தாளுகின்றான். கல்லில் அமைந்த இவ்வூமை நகைச்சுவைக்கு எழுத்துத் தலைப்பு வேண்டியதில்லை. பீலிக்சின் நடிப்பினும் இது மேம்படுதற்குக் காரணம், எள்ளலுக்கு இங்கே ஒரு குறி இருத்தலாம். போலித்துறவியை ‘உருத்திராக்கப் பூனை’ என்னும் வழக்கும் இக்குறியையே சுட்டும்.

கம்பர் தம் அவையடக்கத்திற் காட்டும் பூனை வேறு வகை. பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகும் அதன் ஆசை பூனைக்கே உரிய ஆசை, அதில் நடிப்பில்லை. புலவர் தம்மையே அச்சிற்றுயிராக்கிக் கொள்கின்றார். சிங்கத்தின்முன் சிறுத்து நிற்கும் சப்ளினுக்கு அணுக்கமானது இப்பூனையே, பீலிக்ஸ் அன்று.

1928 நவம்பரில் டிஸ்னியின் ‘ஸ்ரீம்போற் வில்லி’ ஒலியுடன் வெளிவந்தது. சலிவன் ஒலியை ஏற்கத் தயங்கினார். பின்னர்ச் சேர்த்த ஒலியும் பொருந்தவில்லை. மனிதன்போல் நடந்த அப்பூனையை விரைவிலேயே திரையினின்று அகற்றியது, மனிதன்போல் சீழ்க்கையடித்த ஓர் எலி.