பத்தாவது படம்: சமூகப்பணி வெளியீடுகளில் மக்களின் உருவம்

திருச்சபைகளின் சமூகப்பணித் துறைகள் வெளியிடும் ஆண்டறிக்கைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் படங்கள் தாராளமாக இடம்பெறுகின்றன. எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளும்பொருட்டே படங்கள் சேர்க்கப்படுவதாகக் கூறுவர். ஆயின், படத்தில் காணப்படும் மக்களுக்கு அதில் தரப்பட்டுள்ள இடம் யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இவ்வினாவை ஆராய, பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1960-களின் தொடக்கத்தில் கையாண்ட பத்துப் படங்கள் நமக்குத் துணைசெய்யும்.

வடகிழக்குப் பிரேசிலின் உழைக்கும் மக்களுக்கு எழுத்தைக் கற்பிக்குமுன், பண்பாடு என்றால் என்ன என்பதைப் பற்றி அவர்களோடு உரையாட பிரெய்ரே விரும்பினார். ரெசிஃபே நகர ஓவியர் பிரான்சிஸ்கோ பிரென்னாந்து அதற்கெனப் படங்கள் வரைந்தார். கிணறு, வீடு, மரம், மண்வெட்டி ஏந்திய மனிதன் ஆகியவை முதற்படத்தில் உள்ளன. இவற்றுள் மனிதர் ஆக்கியவை எவை, இயற்கை தந்தவை எவை என்று உரையாடல் தொடங்கும். பின்வரும் படங்களில் வேட்டையாடுவோரும், பூனையும், களிமண்ணைப் பாண்டமாக்கும் தொழிலாளரும் வருகின்றனர். தம் கைத்தொழிலும் பண்பாட்டு ஆக்கமே என்பதைப் பார்ப்போர் தாமாகவே கண்டுகொள்கின்றனர். பத்தாவது படத்தில், படம் ஒன்றைச் சுற்றி அமர்ந்து உரையாடும் அவர்களது கற்றல் வட்டமே காட்டப்படுகிறது. கற்போர் அங்கே சிந்திப்பவர்களாகத் தங்களையே காண்கின்றனர்.

1964-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் பிரெய்ரே சிறையிலடைக்கப்பட்டு, பின்னர் நாடு கடந்து வாழ நேர்ந்தது. மூல ஓவியங்களும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. நூலில் வெளியிடுவதற்காக, அவரைப்போலவே நாடு கடந்து வாழ்ந்த விசென்தே தெ அப்ரேயு என்னும் ஓவியர் அதே கருப்பொருள்களை மீண்டும் வரைந்தார். பிரெய்ரே 1970 முதல் 1980 வரை ஜெனீவாவில் உலகத் திருச்சபை மன்றத்தில் பணியாற்றினார் என்பதும் நம் கவனத்திற்குரியது.

இப்படங்களும் குறையற்றவை அல்ல. வில்லேந்திய வேடனை எழுத்தறியாப் பண்பாட்டுக்கும், துப்பாக்கி ஏந்தியவனை எழுத்தறிந்த பண்பாட்டுக்கும் அடையாளமாக நிறுத்தியுள்ளனர். வில்லும் பண்பாடே என உணர்த்துவதே பிரெய்ரேயின் நோக்கம். எனினும், இரண்டையும் அடுத்தடுத்து வைக்கையில் பழங்குடி மனிதன் ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவனாகத் தோன்றுகிறான். மக்களை மதிக்க விழைந்த கையும் தன் அளவுகோலைக் கீழே வைக்கவில்லை.

மேலும், படம் எங்கும் தானாகவே விளங்கும் என்று கொள்வதற்கில்லை. நேபாளத்தில் யுனிசெஃப் நிறுவனமும் தேசிய வளர்ச்சிப் பணித் திட்டமும் நடத்திய ஆய்வொன்று 1976-இல் வெளிவந்தது. கிராமத்தார் படத்தில் கண்டதை அப்படியே நேர்ப்பொருளாகக் கொள்வதும், வரிசைப்படங்களை இடமிருந்து வலமாகத்தான் பார்ப்பர் என்று எண்ண இயலாமையும் அதில் தெரியவந்தன. ஆகவே, ஒரு நாட்டில் வரைந்த படத்தைப் பிறிதொரு நாட்டுக் கையேட்டில் அப்படியே ஒட்டுவது பொருந்தாது. அதைப் பயன்படுத்தவிருக்கும் மக்களிடம் முதலில் காட்டி, அவர்கள் காண்பதைக் கேட்டறிந்து, வேண்டுமாயின் மாற்றி வரைதல் வேண்டும்.

நம் அறிக்கைகளைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது. நிதியளிப்போரின் இரக்கத்தைத் தூண்ட, மெலிந்த குழந்தையும் நீட்டிய கையும் அச்சிடப்படுகின்றன. தருபவருக்குப் பெயரும் பதவியும் உண்டு. பெறுபவர் வெறும் 'பயனாளி'. விக்கிரகங்களுக்கு வாயிருந்தும் அவை பேசுவதில்லை என்பது 115-ஆம் சங்கீதம் சுட்டும் குறை. தேவசாயலில் படைக்கப்பட்ட மாந்தரை நாமே வாய்பேசா உருவங்களாக்கி, அவற்றைக் காட்டிப் பொருள் திரட்டுவோமாயின், இரண்டாம் கட்டளையை வெறும் மரத்துக்கும் கல்லுக்கும் உரியதென ஒதுக்கிவிட முடியுமா?

ஆயர்களும் இறையியல் மாணவரும் சமூகப்பணி வெளியீடுகளைத் திறனாய்வு செய்யுங்கால் மூன்றை நோக்குதல் நலம். படத்திலுள்ளோர் அதைக் கண்டு இசைந்தனரா? அவர்கள் அதில் செய்வோராக உள்ளனரா, பெறுவோராக மட்டும் உள்ளனரா? அதைப் பார்த்து அவர்கள் மறுத்துப் பேச வழியுண்டா? இம்மூன்றுக்கும் விடையளிக்க இயலாத அறிக்கை அச்சழகில் சிறந்ததாயினும் ஏழைகளுக்கு நற்செய்தியாகாது.