பாட்டுக்கு இன்னொரு பேர்

நம் சினிமாப் பாட்டுக்குத் தனித் தலைப்பு கிடையாது. முதல் அடியே பேர். அது மறந்துபோனால், 'படகில போவாங்களே, அது' என்று நாமே ஒன்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க சோல் (soul) பாட்டு ரசிகர்களுக்கும் இந்த விளையாட்டில் தனி ருசி.

ஓட்டிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் தி பே' பாட்டையே எடுங்கள். 1967 டிசம்பரில் அவர் விமான விபத்தில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் பதிவானது. குடாக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவனின் பாட்டு. முடிவில் சொல் ஓய்ந்து சீட்டி மட்டும் கேட்கும். சிலர் 'சீட்டிப் பாட்டு' என்பார்கள். அது சோம்பல். இலங்கையில் கலா ஓயா ஆறு புத்தளம் களப்பை நெருங்கும் எலுவன்குளத்துப் பக்கம் இருந்து கேட்டால் 'வள்ளம் வரும்வரை' என்றுதான் வைக்கத் தோன்றும்.

சோல் பாட்டை விட்டு நம் பக்கம் வந்தால், சிலோன் மனோகர் பிரபலமாக்கிய 'சுராங்கனி'யில் பேர் பெண்ணுடையது, கதாநாயகனோ மீன்! புத்தளம் கரையில் அதற்கு 'மீன் பாட்டு' என்பதே நியாயம்.

மறுபடி சோலுக்குப் போனால், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) மட்டும் எனக்கு மசியவில்லை. எதை வைத்தாலும் பழைய பேரே மேல்.